வாசலுக்கு வெளியே நின்ற குரு
இமயமலைக் கதைப்பாடகர்களும் சாதியும்: நினைவுச் சொற்பொழிவு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு உட்காருவது ஒரு வழக்கம். இன்று நான் அந்த வழியில் போகவில்லை. இறந்தவர்களை நினைவில் வைத்திருப்பதையே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்கள் உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன், கர்வால் மலைகளில் வாழும் தலித் பாடகர்கள். நமக்கும் அவர்களுக்கும் மொழி வேறு. ஆனால் அவர்கள் பாடு நமக்குப் புதிதல்ல.

அங்கே 'ஜாகர்' என்று ஒரு சடங்கு உண்டு. விழிக்கச் செய்தல் என்று பொருள். வீட்டில் தீராத நோய், ஓயாத சண்டை, காரணம் தெரியாத கஷ்டம் என்றால் இரவில் ஜாகர் வைப்பார்கள். பாடுகிறவருக்கு ஜாகரியா என்று பெயர். அவர் கையில் ஹுடுக்கா. நம் உடுக்கையைவிடப் பெரியது, தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பது. பக்கத்தில் ஒருவர் வெண்கலத் தட்டைத் தட்டுவார். முதலில் அந்திப்பொழுதை அழைத்துப் பாடுவார்கள். பிறகு தெய்வத்தின் கதை வரும். அது எங்கே பிறந்தது, யாரால் துன்பப்பட்டது, எப்படிச் செத்தது என்று கதை வளர வளரத் தாளம் வேகம் பிடிக்கும். டங்கரியா என்கிற சாமியாடிக்கு அருள் வரும். வந்த தெய்வம் பாடகரைப் பார்த்து 'குரு' என்று அழைக்கும்.

ஜாகரியாக்கள் எல்லாரும் தலித்துகள் அல்லர். ஆனால் டோல், தமாவ் என்னும் தோற்கருவிகளை முழக்கிச் சாமியை அழைப்பவர்கள் பெரும்பாலும் தாஸ், ஔஜி, பாஜ்கி என்று அழைக்கப்படும் தலித் சாதியினர். ராத்திரி முழுவதும் குருவாக இருந்தவர், விடிந்ததும் அதே வீட்டின் சமையலறைப் பக்கம் போக முடியாது. தெய்வத்துக்குக் குரு, தெய்வத்தைக் கும்பிடுகிறவனுக்குத் தீண்டத்தகாதவர். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் மலைப்பாட்டின் இனிமையைப் பேசுவதில் பயன் இல்லை.

அவர்களிடம் இருந்தது என்ன என்று பார்ப்போம். கர்வாலில் 'டோல்சாகர்' என்று ஒரு நூல்மரபு இருக்கிறது. டோலின் பிறப்பும் அதன் தாளங்களும் சிவனும் பார்வதியும் பேசிக்கொள்கிற உரையாடலாக அதில் வருகின்றன. பெரும்பாலும் வாய்மொழியாக அது கைமாறி வந்தது. குமாவுனில் நெல் நாற்று நடும்போது 'ஹுடுகியா பௌல்' பாடுவார்கள். பெண்கள் சேற்றில் வரிசையாகக் குனிந்து நடுவார்கள். ஹுடுக்காக்காரர் எதிரே நின்று வீரர் கதையை ஒரு அடி பாட, பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பாட்டின் வேகம்தான் நடவின் வேகம்.

'ராஜுலா மாலுஷாஹி' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜுலா, திபெத்துடன் வணிகம் செய்த ஷௌகா சமூகத்துப் பெண். மாலுஷாஹி, பைராட்டில் ஆண்ட கத்யூரி அரசன். அவள் தன்னந்தனியாக மலைகளைக் கடந்து அவனைத் தேடி வருகிறாள். அவனோ தூங்கிக்கொண்டிருக்கிறான். பிறகு அவன் ஜோகி வேடம் போட்டு அவளைத் தேடிப் போகிறான். கௌசானிப் பக்கத்தில் வாழ்ந்த கோபிதாஸ் இந்தக் கதையைப் பாடினார். அவருக்குத் தையல் தொழில். அவர் பாடியதை ஜெர்மானிய ஆய்வாளர் கொன்ராட் மைஸ்னர் பதிவுசெய்து 1985இல் வெளியிட்டார். நூலின் தலைப்பிலேயே 'கோபிதாஸ் பாடியபடி' என்று இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் எத்தனையில் பாடினவர் பெயர் அட்டைக்கு வந்திருக்கிறது? நம் அலமாரிகளைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு அறிவுக்கும் கிடைத்த கூலி என்ன? அறுவடைக் காலத்தில் 'டட்வார்' என்று கொஞ்சம் தானியம். சித்திரை மாதம் வீடு வீடாகப் போய்ப் பாடினால், கட்டிக்கொடுத்த பெண்களின் ஊருக்குப் போய்ப் பாடினால், துணியோ காசோ தருவார்கள். அதற்கு வெகுமதி என்று பெயர். தரலாம், தராமலும் போகலாம். ஆனால் வாசிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை மட்டும் இல்லை.

கல்யாணத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மேல்சாதி மாப்பிள்ளையின் பல்லக்குக்கு முன்னால் டோல் அடித்துப் போனவர்கள், தங்கள் பிள்ளையைப் பல்லக்கில் ஏற்ற முடியாது. அந்த உரிமைக்காக ஷில்ப்கார் மக்கள் விடுதலைக்கு முன்பே 'டோலா-பால்கி' இயக்கம் நடத்தினார்கள். கர்வாலில் ஜயானந்த் பாரதி அதில் முன் நின்றார். நாடு விடுதலை பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 1980 மே மாதம், அல்மோரா மாவட்டத்துக் கஃபல்டா கிராமத்தின் வழியாக ஒரு ஷில்ப்கார் கல்யாண ஊர்வலம் போனது. மாப்பிள்ளை பல்லக்கிலிருந்து இறங்க வேண்டும் என்றார்கள். அதில் மூண்ட தகராறில் ஊர்வலத்தில் வந்த 14 பேர் கொல்லப்பட்டார்கள். சிலர் அடைக்கலம் புகுந்த வீட்டோடு எரிக்கப்பட்டார்கள். கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தன. உச்ச நீதிமன்றம் 1997இல்தான் தண்டனை கொடுத்தது. பதினேழு வருஷம்!

ஆனாலும் தோழர்களே, அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கங்கநாத் கதை இதற்குச் சாட்சி. அவன் டோட்டி நாட்டு இளவரசன், துறவியாகத் திரிந்தவன். பானா என்கிற பிராமணப் பெண்ணோடு காதல் கொண்டதால் இருவரும் கொல்லப்பட்டார்கள். செத்தவர்கள் ஆவியாக வந்து ஊரைச் சும்மா விடவில்லை. கடைசியில் ஊரே கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதாயிற்று. நம் தெற்கே முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மானிடவியலாளர் வில்லியம் சாக்ஸ், கர்வாலில் தலித்துகள் வழிபடும் பைரவரைப் பற்றி எழுதிய நூலுக்கு 'நீதியின் கடவுள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வாயில்லாதவர்கள் சாமியின் வாயால் வழக்குப் பேசினார்கள். அந்த வழக்கைக் கட்டி நடத்தியவர்கள் பாடகர்கள்தாம்.

இப்போது இந்த இளைஞர்கள் டோலைக் கீழே வைக்கிறார்கள். கலை அழிகிறதே என்று பண்பாட்டு ஆர்வலர்கள் வருந்துகிறார்கள். நாம் பறையைப் பற்றி இதே விவாதத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறோம். சாவு வீட்டுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களும் நம்மவர்கள்தாம், அதே பறையை மேடைக்கும் போராட்டத்துக்கும் கொண்டுவந்தவர்களும் நம்மவர்கள்தாம். இரண்டு பேரும் எதிரெதிர் அணி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவனுக்குத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியும். ஔஜி மரபில் வந்த ஜாகர் பாடகர் ப்ரீதம் பர்த்வானுக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவர் கழுத்தில் விழும் மாலை, ஊரில் டோல் தூக்கி நிற்கும் இன்னொருவருக்கு வாசலைத் திறந்துவிடாது. அந்த வாசல் திறந்ததா என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் பாட்டுச் சேகரிக்கப் போவீர்கள். செல்போனில் பதிவு செய்வீர்கள். 'தகவலாளர்' என்று எழுதாதீர்கள், பாடினவர் பெயரை எழுதுங்கள். எந்த இடத்தில் நின்று பாடினார், என்ன கூலி கொடுத்தார்கள், எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். தன் பிள்ளை இதைக் கற்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள். அந்த வார்த்தையையும் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அதுவும் அவருடைய வரலாறு.

ஜெய்பீம்.