கூரைத் தாளும் காற்று வழியும்



கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மலைநாட்டிலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாகப் பதுளை வீதிப் பக்கமிருந்து செங்கலடிக்கு வருகிற காலம் இது. சீற் போட்ட வீட்டுக்குள் நண்பகலில் இருப்பவர்களுக்கு வெக்கையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. வெளியே 35 பாகை என்றால், வெயில் படுகிற தகரம் 60 பாகையைத் தாண்டும். கட்டிலில் படுத்தால் நெற்றியிலே அனல் அடிப்பது தெரியும்.

அதனால் இப்போது கூரைக்குக் கீழே வெள்ளிநிறத் தாள் அடிக்கிறார்கள். கடையில் சுருளாக விற்கிற, அலுமினியம் ஒட்டிய மெல்லிய நுரைத்தாள். நல்ல பொருள்தான். கூரையிலிருந்து இறங்கும் கதிர்வெப்பத்தில் பெரும்பகுதியை அந்தப் பளபளப்பு தடுத்துவிடும். ஆனால் தாளுக்கும் சீற்றுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். சீற்றோடு ஒட்ட அடித்தால் சூடு தொட்டே இறங்கும். பளபளப்புக்குக் கொடுத்த காசு வீண்.

நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. தாள் அடித்தாயிற்று, சீலிங்கும் போட்டாயிற்று. அடுத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சீமெந்து வைத்து அடைக்கிறோம். யன்னலுக்கு மேலிருந்த துவாரக் கற்களுக்கும் அதே கதி. கேட்டால் நுளம்பு, தூசி, கள்ளன் என்று மூன்று காரணம் வரும். மூன்றும் உண்மை. ஆனால் அந்த வழியால்தான் வீட்டின் ஈரமும் புகையும் வெளியே போய்க்கொண்டிருந்தன.

நாலு பேர் இருக்கும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி என்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 லீற்றர் தண்ணீர் ஆவியாகிறது. கச்சானில் அது தெரியாது, காற்று குடித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். இரவில் சீற் குளிர்கிறது. சீலிங்குக்கு மேலே ஏறிய ஆவிக்குப் போக்கிடமில்லை. குளிர்ந்த சீற்றின் அடியில் துளித்துளியாகக் கட்டி, வளைமரத்தின் வழியே இறங்குகிறது. கூரை ஒழுகுகிறதென்று மேலே ஏறி ஓட்டை தேடுவார்கள், ஓட்டை இருக்காது. சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்னாலே கருமையாகப் பூஞ்சணம். அதே அறையில் படுக்கும் பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் இன்னும் மோசமாகும். ஏசி பூட்டினால் தீரும் என்று நினைக்கவும் வேண்டாம். நாம் வீடுகளில் பூட்டுகிற சாதாரண ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது; புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

பழைய கிடுகு வீட்டில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. கிடுகே வெக்கையையும் தடுத்தது, மூச்சும் விட்டது. அதற்காக எல்லோரும் கிடுகுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அடிக்கடி வேய்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஆனால் கல்வீடு வந்த விதத்தையும் பாருங்கள். 2012இல் இந்திய வீட்டுத் திட்டம் வடக்கு, கிழக்கில் பரவலாகத் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். அதிலே கல்வீட்டை எழுப்பிக் கூரை போட்டு முடிப்பதே பெரிய காரியம். தாளும் சீலிங்கும் பிறகு, காசு சேரச் சேர வந்தவை. வீட்டுப் படத்தில் அவை இல்லாததால், காற்று எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

பணக்கார நாடுகளும் இதில் சறுக்கியவைதான். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், சூட்டை மிச்சம்பிடிக்க மேற்கு நாடுகளில் கட்டடங்களை இறுக்கி அடைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலையிடி, கண்ணெரிவு. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுப் பிள்ளையொன்று இறந்தது. பூஞ்சணம் படர்ந்த, போதிய காற்றோட்டமில்லாத வீடே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். இப்போது அந்தப் பிள்ளையின் பெயராலேயே அங்கே சட்டம் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? தாளை அடியுங்கள், ஆனால் கூரைக்குள் காற்றுக்கு வழி விட்டு அடியுங்கள். இறவாணத்தில் உள்ளே வர ஒரு வழி, முகட்டருகே வெளியேற ஒரு வழி. சூடான காற்று தானே மேலே ஏறிப் போய்விடும், கரண்ட் செலவில்லை. அறைகளில் எதிரெதிர்ச் சுவர்களில் துவாரம் இருக்கட்டும். நுளம்புக்கு வலை அடியுங்கள். வலையைச் சீமெந்தோடு பூசிவிடாமல் சட்டத்தில் அடித்துக் கழற்றக்கூடியதாக வையுங்கள். தூசி அடைத்தால் கழுவ வேண்டுமே.

யன்னலை எந்நேரமும் திறந்து வைக்கவும் சொல்லமாட்டேன். தாள் அடித்த வீட்டில், கச்சான் பகலில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு. காற்றடிக்கும் பக்கத்து யன்னலைச் சாத்தி, இரவில் திறப்பதுதான் புத்தி. மாரியில் மழை விட்ட பகல் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள், துவாரம் விட்டால் காற்றுப் புகுந்து கூரையைத் தூக்கிவிடுமே என்பார்கள். அந்தப் பயத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. உள்ளே புகும் காற்று கூரையை மேலே தள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த வேலையைப் பெரிதாகச் செய்வது, காற்றடிக்கும் பக்கம் உடைந்துபோகும் கதவும் யன்னலும். ஆகவே கதவுக்கும் யன்னலுக்கும் உறுதியான கொண்டி போடுங்கள். கூரை மரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு இறுக்கிக் கட்டச் சொல்லி மேசனிடம் கேளுங்கள்.

கடைசியாகக் குசினி. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, காஸுக்கென்று கட்டிய குசினிகளிலும் விறகு எரிந்தது. விறகுப் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகைக்கூண்டு இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலேயாவது பெரிய திறப்பு வேண்டும். காஸ் அடுப்பென்றால் இன்னொரு கணக்கு. சிலிண்டரில் வருகிற காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதற்கு மேல்துவாரம் உதவாது. கதவடியில் அல்லது தரை மட்டத்தில், வெளி வளவைப் பார்த்தபடி ஒரு துவாரம் விட்டு, எலி வராமல் கம்பி வலை அடித்து வையுங்கள்.