விலை கேட்ட மாணவன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் நீல மர உடும்பின் படத்தைக் காட்டினேன். கரிய உடலில் நீலப் புள்ளிகள். வியந்து பார்த்த மாணவன் ஒருவன், "சார், இது எங்கே விலைக்குக் கிடைக்கும்?" என்றான். அவனைக் கடிந்துகொள்ளவில்லை, அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுக்கூட்டத்தில் படாந்தா என்றொரு சிறு தீவு. அங்குள்ள மழைக்காடுதான் இதன் தாயகம். 2001இல்தான் 'வாரனஸ் மெக்ரேய்' என்ற அறிவியல் பெயர் பெற்றது. உடலைவிட நீண்ட வாலால் கிளையைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும். "அறுந்தால் பல்லி வால்போல முளைக்குமா?" என்றாள் ஒரு மாணவி. உடும்புக்கு முளைக்காது என்றேன்.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு: ஒரு காட்டில் 100 உடும்புகள். ஆண்டுக்கு 10 குஞ்சுகள் பிழைக்கின்றன, 20 பிடிக்கப்படுகின்றன. எத்தனை ஆண்டில் காடு காலியாகும்? எண்கள் கற்பனை, ஆபத்து உண்மை. செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடிக்கப்படும் இவ்வினம், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தீவில் அழிந்தால் வேறெந்தக் காட்டிலும் இல்லை.

விலை கேட்ட மாணவனே முதலில் விடை சொன்னான்: "பத்து வருஷம், சார்." பிறகு மெல்லக் கேட்டான்: "நம்ம ஊர் உடும்பையும் பிடிக்கிறாங்களே?" 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்றேன்.

படாந்தாவை நம் மாணவர்கள் பார்க்காமல் போகலாம். ஊர்க்காட்டு உடும்பைக் காப்பது அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.