ஊன்றிய மனமும் உவந்த வேலையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பழைய நினைவுகளைப் பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பினரிடம் செயற்குழு கேட்டது வேறு. வேலையில் மனம் ஊன்றி, அதை மகிழ்ச்சியோடு செய்வது எப்படி என்று, உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டையும் தொழிலையும் சேர்த்துச் சுமக்கும் எமக்கும் பயன்படும்படி பேசச் சொன்னார்கள்.

இந்த நிலையை நாம் எல்லோரும் அறிவோம். மார்கழியில் முற்றத்தில் கோலம் போடும்போது கால் நோவது தெரிவதில்லை. பனையோலைப் பெட்டி இழைக்கும் ஆச்சிக்குப் பின்னேரம் ஆனதே தெரிவதில்லை. கணக்கு ஒன்று பிடிபட்டுவிட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது காதில் விழுவதில்லை.

இதை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியல் பேராசிரியர். 1934 இல் பிறந்த ஹங்கேரியர். பின்னர் அமெரிக்காவில் கற்பித்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிறுவனாக இருந்த அவருக்குச் சதுரங்கமே சுற்றியிருந்த துன்பத்தை மறக்கும் இடமாக இருந்தது. ஓவியர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், மலை ஏறுவோர், சத்திரசிகிச்சை நிபுணர்கள் எனப் பலரிடம் அவர் கேட்டறிந்தார். 1990 இல் வெளியான அவரது நூல் இந்த நிலைக்கு 'ஓட்டம்' எனப் பொருள்படும் பெயரை உலகெங்கும் பரப்பியது.

அவர் கண்ட நிபந்தனைகள் முக்கியமாக மூன்று. செய்ய வேண்டியது எது என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா பிழையா என்பது உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினம் எமது திறமைக்குச் சற்றே மேலாக இருக்க வேண்டும். மிகக் கடினமானால் பயம் வரும். மிக இலகுவானால் சலிப்பு வரும். ஆச்சியின் பெட்டியில் இந்த மூன்றும் உண்டு. எந்த அளவில் இழைக்கிறோம் என்பது தெரியும். ஒரு மடிப்புப் பிழைத்தால் அடுத்த மடிப்பிலேயே காட்டிவிடும். கை பழகியதும் சாயமோலை சேர்த்துப் புதுக் கோலம் எடுக்கலாம்.

அவர் இன்னொன்றும் செய்தார். வேலைக்குப் போவோரிடம் சிறு ஒலிக்கருவிகளைக் கொடுத்து, அவை ஒலிக்கும் நேரமெல்லாம் தமது மனநிலையைக் குறிக்கச் செய்தார். 1989 இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. ஆழ்ந்து ஈடுபட்ட நேரங்கள் ஓய்வில் இருந்ததைவிட வேலையிலேயே கூடுதலாக இருந்தன. ஆயினும் வேலையில் இருந்தபோது வேறெங்காவது இருக்கவே அவர்கள் விரும்பினார்கள். வேலை என்றாலே சுமை என்ற எண்ணம், வேலையில் கிடைத்த மகிழ்ச்சியையே மறைத்துவிட்டது.

பாடசாலையில் இந்த ஒழுங்கை எமக்காக வேறு யாரோ செய்து தந்தார்கள். 40 நிமிடப் பாடவேளை, ஒரு பாடம், ஒரு கொப்பி, முடிந்ததும் மணி. விடுதியில் இருந்தவர்களுக்கு மாலையில் பிரார்த்தனை, பிறகு படிப்பு நேரம். அப்போது எவரும் எம்மைக் கூப்பிட மாட்டார்கள். பாடசாலையை விட்டு வெளியேறிய நாளோடு அந்த மணி நின்றுபோயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் நாங்கள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். 'அப்படிக் கஷ்டப்பட்டபடியால்தான் படித்தீர்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, கவனம் இல்லை' என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. குண்டுச் சத்தத்தில் ஒரு பக்கத்தைப் பத்துத் தரம் வாசித்தும் விளங்காதிருந்த இரவுகளே அதிகம். படிப்பை இடையில் விட்டவர்களும், இன்று இந்த மண்டபத்தில் இல்லாதவர்களும் எங்கள் வகுப்பில் உண்டு. கவனத்தைத் தந்தது கஷ்டம் அல்ல. அந்தக் கஷ்டத்துக்கு நடுவிலும் 'பிள்ளை படிக்கட்டும்' என்று ஒரு மூலையை ஒதுக்கித் தந்த அம்மாமாரும், மரத்தடியிலும் பாடம் நடத்திய ஆசிரியைமாருமே.

சரி, இன்று என்ன செய்யலாம்? எங்கள் வகுப்பில் தாதி, கணக்காளர், ஆசிரியை, தையற்காரி, வீட்டைப் பார்ப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தொகுத்தவை இவை.

முதலாவது, வேலையைச் சிறிதாகவும் திட்டமாகவும் வரையறுங்கள். 'இரசாயனவியல் படிக்கப் போகிறேன்' என்றால் மனம் அலையும். 'கடந்தகால வினாத்தாளில் மூன்று வினா, பிறகு விடையோடு ஒப்பிடுவேன்' என்றால் மனம் அமரும்.

இரண்டாவது, ஒரே இடம், ஒரே நேரம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். வட்ஸ்அப் குழுக்கள் நாம் இல்லாமலும் ஒரு மணி நேரம் நன்றாக நடக்கும்.

மூன்றாவது, முதற் பத்து நிமிடங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தொடக்கம் எவருக்கும் வரட்சியாகவே இருக்கும்.

நான்காவது, இடையில் எழும்ப நேர்ந்தால், எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முடியாத வேலையை விட்டு வேறொன்றுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி முந்தியதிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் எடுத்துக்காட்டினார். கறி அடுப்பில் இருக்க அறிக்கை எழுதிய எவருக்கும் இது தெரியும்.

ஆனால் இந்த நான்கும் கைகூட, முதலில் ஒரு மணி நேரம் எமதாக இருக்க வேண்டும். பெண்களின் நேரம் பெரும்பாலும் துண்டு துண்டாகவே கிடைக்கிறது. பெண் ஒருத்தி கதிரையில் இருந்து வாசித்தால், சும்மாதானே இருக்கிறாள் என்று கூப்பிடுகிறோம். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் தேத்தண்ணி போட எழும்புவது அக்காவா, தம்பியா? ரொறன்ரோவில் இரவு வேலை முடித்து வருபவளுக்கும், பருத்தித்துறையில் மாமியைப் பராமரிப்பவளுக்கும் இது பொதுவான கதை. மனதை ஒருமுகப்படுத்து என்று அவளுக்குப் புத்தி சொல்வது இலகு. அவளுடைய ஒரு மணி நேரத்தை நாம் குழப்பாமல் இருப்பதே உதவி.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் மகளோ மருமகளோ தாயோ, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க வேண்டாம். அது பரீட்சைக்காகவும் இருக்கலாம், வீணைக்காகவும் இருக்கலாம். மற்றது, வீட்டில் அமைதி கிடைக்காத பிள்ளைகளுக்காகப் பாடசாலை நூலகத்தைப் பின்னேரங்களில் திறந்து வைக்க அதிபர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். அயலில் இருக்கும் பழைய மாணவிகள் முறைவைத்து மேற்பார்வை செய்யலாம். வெளிநாட்டுக் கிளைகள் மின்சாரச் செலவையும் பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்பும் ஒழுங்கையும் பொறுப்பேற்கலாம். எங்கள் வகுப்பில் ஏழு பேர் முறைக்குப் பெயர் தந்துவிட்டார்கள். மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். மதியபோசனத்துக்குப் போகுமுன் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.