பாடசாலை வண்டியும் பாலரின் மூச்சும்

(ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் எழுந்து பேசுவோர் பெரும் பொருள்களை எடுத்துப் பேசுவதே வழக்கம். நாமோ இன்று எளியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். காலைதோறும் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் புகையே அப்பொருள். புகையைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அப்புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்று சற்றே சிந்தித்தால் இது சிறிய பொருளன்று என்பது விளங்கும்.

முதலில் டீசற் புகை இன்னதென்று பார்ப்போம். டீசல் எரியும்போது பலவகை வாயுக்களும் நுண்ணிய கரித்துகள்களும் வெளிவருகின்றன. அத்துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கினும் சிறியவை. தெருப்புழுதியை மூக்கு தடுத்துவிடும். இத்துகள்களை அது தடுக்கமாட்டாது. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று தங்குகின்றன. முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்கு அவ்வருத்தத்தைத் தூண்டிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988 இல் டீசற் புகையைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற வகுப்பிலே வைத்திருந்தது. 2012 யூன் மாதத்தில் அதனைப் 'புற்றுநோய் விளைவிப்பது' என்ற முதல் வகுப்புக்கே மாற்றியது.

பெரியவர்களும் இப்புகையைச் சுவாசிக்கிறார்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் தன் உடல் நிறையோடு ஒப்பிட்டால் பிள்ளையே நம்மிலும் அதிகமான காற்றை உள்ளிழுக்கிறது. அதன் நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. வளரும் பயிரில் விழும் நோய்க்கும் விளைந்த பயிரில் விழும் நோய்க்கும் வேறுபாடு உண்டு என்பதைக் கமக்காரராகிய நம் பெரியோர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்விடயத்தை மிகக் கவனமாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. அங்கே இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்களிற் போய்வருகிறார்கள். அவ்வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. கலிபோர்ணியா மாநிலத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அவ்வண்டிகளுக்குள் உள்ள காற்றை அளந்து 2001 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பஸ்ஸுக்குள்ளே இருந்த டீசற் புகை, அதற்கு முன்னே சென்ற காருக்குள் இருந்ததிலும் நான்கு மடங்குவரை கூடியிருந்ததாம்! தெருப்புகை என்றால் இருவர்க்கும் பொதுவாக அல்லவா இருக்கவேண்டும்? இந்த மிகுதிப் புகை எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு விடை காண அம்மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஓர் உபாயம் செய்தார்கள். தெருவிலே சாதாரணமாகக் காணப்படாத வாயுவொன்றைப் பஸ்ஸின் புகைக்குழாயிற் கலந்துவிட்டார்கள். பின்னர் பிள்ளைகள் இருக்கும் ஆசனங்களருகே அதனைத் தேடினார்கள். அது அங்கே இருந்தது! வண்டி தான் விட்ட புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது என்பது ஐயமின்றி வெளிப்பட்டது. பழைய வண்டிகளில் இது அதிகம். யன்னல்களை அடைத்த வேளையில் இன்னும் அதிகம். புகைக்குழாய் மட்டுமன்றி வேறொரு வழியும் உண்டு. எஞ்சினின் உட்பெட்டியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகக் கசியும் புகை, எஞ்சின் முன்புறத்தில் இருக்கும் வண்டிகளிலே வாசற்கதவு திறக்குந்தோறும் உள்ளே புகுகின்றது.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். காற்று மாசு என்றதும் தொழிற்சாலையையும் பெருந்தெருவையும் நினைத்து, அது அரசாங்கத்தின் வேலை என்று இருந்துவிடுகிறோம். பிள்ளையைத் தாக்கும் புகையின் ஒரு பெரும் பங்கு அது ஏறியிருக்கும் வண்டியிலிருந்தே வருமானால், அதைக் குறைக்கும் வழியும் அவ்வண்டியிலேயே இருக்கவேண்டுமல்லவா?

அமெரிக்கர் கைக்கொண்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்வோம். எரிபொருளில் உள்ள கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காக 2006 முதற் குறைத்தார்கள். கந்தகம் குறைந்தபின்பே நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியை எஞ்சினிற் பூட்ட முடிந்தது. பழைய வண்டிகளின் புகைக்குழாயிலும் உட்பெட்டியிலும் சுத்திகரிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். மின்சார பஸ் முதலான புகை குறைந்த வண்டிகளை வாங்குவதற்கு 2021 இன் சட்டமொன்றால் 500 கோடி டொலர் ஒதுக்கினார்கள்.

இதனாற் பயன் விளைந்ததா? சியற்றில் நகரப் பகுதியில் 275 பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015 இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். வண்டிகள் திருத்தப்பட்டபின் அப்பிள்ளைகளின் சுவாசக்குழாய் அழற்சி குறைந்தது. நுரையீரல் முன்னிலும் நன்றாக வளர்ந்தது. பாடசாலைக்கு வராத நாட்கள் குறைந்தன. முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளே மிகுந்த நன்மை பெற்றார்கள். ஜோர்ஜியா மாநிலத்தில் வண்டிகள் திருத்தப்பட்ட பகுதிகளிலே பிள்ளைகளின் உடல்வலுவும் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளியும் கூடியதாக 2019 இல் வேறோர் ஆய்வு காட்டிற்று. பிள்ளையின் புள்ளிக்காக மாலைதோறும் ரியூசனுக்குப் பணம் கட்டும் பெற்றோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

'அமெரிக்காவிடம் டொலர் இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் செய்தவற்றுள் ஒன்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. பாடசாலையை அடைந்ததும் சாரதி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், புறப்படுவதற்கு 30 விநாடிக்கு முன்னர் அதை மீண்டும் இயக்கக்கூடாது என்று கலிபோர்ணியாவில் 2003 முதல் விதியொன்று உண்டு. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் ஒரு பஸ் மணிக்கு ஏறக்குறைய 2 லீற்றர் டீசலை வீணே எரிக்கும். எரிபொருள் இல்லாமற் பாடசாலைகளே மூடப்பட்ட 2022 ஐக் கண்ட நமக்கு, எரிபொருளின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மூர் நிலையை நோக்குவோம். இங்கே பிள்ளைகள் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களிலும், தனியார் பஸ்களிலும், பாடசாலை வான்களிலும் போகிறார்கள். பழைய டீசல் வண்டிகள் அவற்றிற் பல. பஸ்களில் எஞ்சின் பெரும்பாலும் சாரதிக்கு அருகே, முன்புறத்திலேயே இருக்கிறது. 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடக்கிறது, அது நல்லதே. ஆனால் அப்பரிசோதனை புகைக்குழாயின் வாயைத்தான் நோக்குகிறது. பிள்ளை இருக்கும் ஆசனத்தை நோக்குவதில்லை. பாடசாலை விடும் வேளையில் வாசலோரம் வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின் ஓட நிற்கும்போது, பின்னால் நிற்கும் வானுக்குள் முன்னாலுள்ள வானின் புகை போகிறது. நடந்து வரும் பிள்ளைகளோ எல்லாப் புகைக்கும் நடுவே போகிறார்கள்.

இதற்காகச் சாரதி அண்ணன்மாரை நாம் குறைகூற வரவில்லை. நாள்முழுவதும் அப்புகைக்குள் இருப்பவர்கள் அவர்களே. அடிக்கடி நிறுத்தினால் பற்றறி போய்விடும் என்று அஞ்சும் சாரதியும் உண்டு. குளிரூட்டி வேண்டும் என்று பெற்றோர் கேட்பதால் எஞ்சினை ஓடவிடுபவரும் உண்டு. பற்றறியும் ஸ்ராட்டரும் பழுதாயிருந்தால் அவற்றைத் திருத்துவதே முறை. அதற்கு அவரிடம் பணமில்லையாயின், அவ்வண்டியிற் பிள்ளையை அனுப்பும் பத்துப் பதினைந்து குடும்பங்களும் சேர்ந்து கைகொடுப்பது பெரிய காரியமன்று. இன்னும் சிலர் இதைக் கேட்டுவிட்டுத் தம் பிள்ளையைக் காரிலே கொண்டுபோய்விட நினைக்கலாம். அது வாசலில் வண்டிகளைப் பெருக்குமேயன்றிப் புகையைக் குறைக்காது. காரில்லாத வீட்டுப் பிள்ளை பழைய வண்டியிலேயே போகும். ஒரு பிள்ளையை மட்டும் காப்பது நம் நோக்கமாக இருத்தலாகாது.

'நாங்களும் புகைக்குள்தானே வளர்ந்தோம். எங்களுக்கு என்ன வந்தது?' என்று கேட்கும் பெரியோர்க்கும் பணிவுடன் ஒன்று சொல்வோம். தென் கலிபோர்ணியாவிற் பத்து வயது முதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2004 இல் முடிவு சொன்னார்கள். மாசு மிக்க ஊர்களில் வளர்ந்தவர்களின் நுரையீரல் வலு குறைவாகவே இருந்தது. அவர்கள் நோயாளராகப் படுத்தவர்களல்லர். தமக்கு உரிய முழு வலுவைப் பெறாமலே வளர்ந்தவர்கள். பின்பு அங்கே காற்று தூய்மையடைந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் சீர்பட்டதென 2015 இல் எழுதினார்கள். ஆகவே முயற்சி வீண்போகாது.

நிறைவாக, சங்க இளைஞர்முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். முதலாவது, அதிபர்களைக் கண்டு, வாசலில் எஞ்சினை நிறுத்தும் ஒழுங்கை ஏற்படுத்துமாறு கேட்போம். எழுதிய பலகையொன்றும் காலை மாலை நிற்க இருவரும் போதும். இரண்டாவது, சாரதிகளை அழைத்து ஒரு தேநீரோடு பேசுவோம். காற்று வடிகட்டியை மாற்றுதல், நொசிலைப் பரிசோதித்தல், கசியும் புகைக்குழாயை ஒட்டுதல், முன்னால் நிற்கும் வண்டிக்கு இடம்விட்டு நிறுத்தல், திறந்த தெருவில் யன்னல்களைத் திறத்தல், கரும்புகை விடும் லொறியின் பின்னே போகும்போது மட்டும் அடைத்தல் ஆகியன அவர்களுக்குத் தெரிந்த வேலைகளே. காரணத்தைச் சொன்னால் மனமுவந்து செய்வார்கள். மூன்றாவது, நல்ல எரிபொருளும் புதிய வண்டிகளும் முதலிற் பிள்ளைகளை ஏற்றும் சேவைகளுக்கே கிடைக்கவேண்டுமென்று பெரியோர் தம் செல்வாக்கைக் கொண்டு அரசாங்கத்தைக் கேட்கட்டும்.

பிள்ளை தான் ஏறும் வண்டியைத் தெரிந்தெடுப்பதில்லை, தெரிந்தெடுப்பவர்கள் நாமே. வருகிற தவணை தொடங்கும் நாளிலே நம்மூரில் ஒரு பாடசாலை வாசலிலாவது எஞ்சின் ஓசை அடங்கியிருக்குமாயின், இப்பேச்சைப் பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் நேரம் பயன்பட்டதாகும்.