திரிந்த பாலும் பால்கட்டியும் ஒன்றல்ல



ஓர் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என்னிடம், "நர்சம்மா, பால் திரிஞ்சு போச்சுன்னா அதுதானே பனீர்? அதை வடிச்சுப் பாப்பாவுக்கு ஊட்டலாமா?" என்று கேட்டாள். (நான் நர்ஸ் இல்லை, சுகாதாரக் கல்வியாளர். ஆனாலும் இத்தனை வருஷமாக எனக்கு அந்தப் பெயர்தான்.) பக்கத்தில் இருந்த அவள் மாமியார், "திரிஞ்ச பாலை யாராவது கொட்டுவாங்களா? வெல்லம் போட்டுக் கிளறிக் கொடுத்தா தெம்புதானே" என்றார். கேள்வி நல்ல கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரியாமல் போனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். கல்யாண வீட்டில் தெளிப்பது பன்னீர். நாம் பேசப்போவது பனீர், அதாவது பால்கட்டி. நல்ல பாலைக் காய்ச்சி, புளிப்பு விட்டு, நாமாகத் திரிய வைத்து வடித்து எடுப்பது. கெட்டுப்போய்த் தானாகத் திரிந்த பால் வேறு. அதில் கிருமிகள் பெருகித்தான் பால் புளித்துத் திரிகிறது. "மறுபடி நல்லாக் கொதிக்க வச்சுட்டேனே" என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் பாலில் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது. பெரியவர்கள் வயிறு தாங்கினாலும் தாங்கும், பச்சைக் குழந்தை வயிறு தாங்காது. தானாகத் திரிந்த பால் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, பால்கட்டியை எப்போது தொடங்கலாம்? முதல் ஆறு மாதம், அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. குழைந்த சோறு, பருப்பு, மசித்த காய், கீரை, வாழைப்பழம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். இவை பழகியபின், ஏழெட்டு மாதத்தில் பால்கட்டியையும் சேர்க்கலாம். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள். இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

இப்போது செய்முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கால் லிட்டர் புதுப்பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். பாக்கெட் பாலானாலும் கறந்த பாலானாலும் காய்ச்சாமல் கூடாது. பச்சைப் பால் வழியாகக் காசநோய், புரூசெல்லோசிஸ் போன்ற நோய்கள் வரும். அடுப்பைத் தணித்து, அரை மூடி எலுமிச்சம்பழச் சாற்றை இரண்டு கரண்டி கொதித்த நீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். பால் கட்டியாகவும் தெளிந்த நீராகவும் பிரியும். பிரியாவிட்டால் இன்னும் சில சொட்டுச் சாறு. கொதிநீரில் போட்டு எடுத்த சுத்தமான வெள்ளைத் துணியில் வடித்து, கொதித்து ஆறிய நீரை மேலே ஊற்றிப் புளிப்பு போக அலசுங்கள். கறிக்குப் போடுவதுபோல் கல்லைத் தூக்கிப் பாரம் வைக்க வேண்டாம். லேசாகப் பிழிந்தால் போதும், பூவாக இருக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், பெரியவர்களுக்குச் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் விடலாம்.

எப்படி ஊட்டுவது? முதல் நாள் அரைத் தேக்கரண்டி, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில், பழகிய சோற்றோடு பிசைந்து, காலை நேரத்தில் கொடுங்கள். காலை என்று ஏன் சொல்கிறேன்? ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலில் தெரிந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போக வசதி. மூன்று நாள் வேறு புது உணவு எதுவும் சேர்க்காமல் கவனியுங்கள். சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒவ்வாது. உடம்பில் தடிப்பு, தொடர்ந்து வாந்தி, மலத்தில் இரத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒத்துக்கொண்டால் மெல்ல ஒரு மேசைக்கரண்டி வரை போகலாம். ஒரு வயதுக்கு மேல் இரண்டு மூன்று கரண்டி, உதிர்த்த துணுக்காகவே கொடுங்கள். சதுரமாக வெட்டிய துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குழந்தையை உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்து ஊட்டுங்கள். ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், சர்க்கரை, வெல்லமும் வேண்டாம். தேன் கூடவே கூடாது.

பால்கட்டியில் ஈரம் அதிகம். நம்ம ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே, முடிந்தால் அந்த வேளையிலேயே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை அம்மா சாப்பிடலாம், பால் கொடுக்கிறவளுக்கும் சத்து வேண்டுமே! கடையில் வாங்கினால் தேதியையும், குளிர்பெட்டியில் இருந்ததா என்பதையும் பாருங்கள். பாலுக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த போலிக் கட்டியும் விற்கிறது. உறையைப் படித்து வாங்குங்கள். துண்டு துண்டாக உறையில் வரும் சீஸில் உப்பு அதிகம், கைக்குழந்தைக்கு ஆகாது.

இனி முக்கியமான விஷயம். நான் பார்த்த ஒரு வயதுக் குழந்தை ஒன்று, நல்ல கொழுகொழு, வெள்ளை வெளேர். "பாலும் பனீருமாவே வளர்க்கிறோம், சோத்தைத் தொட மாட்டான்" என்று அதன் பாட்டிக்கு ஒரே பெருமை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. அந்த வெளுப்பு அழகு இல்லை தாய்மார்களே, இரத்தசோகை. பாலிலும் பால்கட்டியிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலால் வயிறு நிரம்பினால் இரும்பு தரும் உணவுக்கு இடமிருக்காது. அந்தச் சுண்ணாம்புச் சத்தே இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஆகவே பால்கட்டி ஒரு வேளைக்குத் தொட்டுக்கொள்ளத்தான். மற்ற வேளைகளில் கீரை, பருப்பு, முட்டை, மீன், ஈரல் என்று மாற்றிக் கொடுங்கள், கூடவே கொஞ்சம் எலுமிச்சை, கொய்யா, தக்காளி. ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புட்டியில் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் முதல் வாரம் இரண்டு முறை கொடுக்கும் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தையும் விடாதீர்கள்.

"பால் விக்கிற விலைக்குப் பால்கட்டிக்கு எங்கே போறது?" என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. வருத்தப்பட வேண்டாம். 100 கிராம் பால்கட்டியில் சுமார் 18 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். குழந்தை சாப்பிடும் இரண்டு கரண்டிப் பால்கட்டிக்கு ஒரு முட்டை ஈடு. முட்டை சாப்பிடாத வீட்டில் குழைந்த பருப்பும், காய்ச்சிய பாலில் உறைய வைத்த புதுத் தயிரும் இருக்கின்றன. பால்கட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறைவொன்றும் இல்லை.

தவறிப்போய் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கலக்கி அடிக்கடி ஊட்டுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். குழந்தை துவண்டாலும், கண் உள்வாங்கினாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றைக்கு அங்கன்வாடியிலேயே கால் லிட்டர் பால் வாங்கிவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் செய்து காட்டினோம். முதல் கரண்டியை ஊட்டியது அந்த மாமியார்தான். பாப்பா முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது! "பிடிக்கலையாட்டம்" என்றார். பிடிக்காமல் இல்லை அம்மா, புதுசு, அவ்வளவுதான். திணிக்காமல் இரண்டு நாள் கழித்து மறுபடி கொடுங்கள் என்றேன். மறுமாதம் எடை பார்க்க வந்தபோது அவரே முந்திக்கொண்டு சொன்னார்: "இப்பல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு வருது நர்சம்மா. திரிஞ்ச பாலை நான் இப்போ தொடறதே இல்ல."

உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.