பைம்பொழிலின் வழக்கும் தில்லி மேலவையும்

(பண்பொழியில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். பசுமையான பொழில், பைம்பொழில். எத்துணை அழகான பெயர்! வாய்வழக்கில் அது பம்புளி ஆயிற்று. ஏட்டு வழக்கில் பண்பொழி ஆயிற்று. பொழிலின் இறுதி எழுத்தைப் பறிகொடுத்தோம்; ழகரம் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கின்றது. ஊரின் பெயர் திரிந்ததைக் கூட நாம் கேட்கவில்லை. ஆனால் ஊரே இடம் மாறிப் போயிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தை நேரில் கண்ட முதியோர் சிலரேனும் இக்கூட்டத்தில் இருப்பர்.

1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இம்மண் தமிழ்நாட்டோடு இல்லை. திருமலைக் குமரன் குன்றின்மேல் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணெட்டும் தொலைவில் இருக்கும் தென்காசி வேறோர் ஆட்சியில் இருந்தது. நமக்குத் தலைநகர், ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மேற்கே நெடுந்தொலைவு போய்ச் சேர வேண்டிய திருவனந்தபுரம்! வரி அங்கே, வழக்கு அங்கே, ஆணை அங்கிருந்து. பேச்சும் உறவும் மட்டும் இங்கே. செங்கோட்டை வட்டத்து மக்கள் தம் வீட்டு முற்றத்திலேயே அயலாராய் வாழ்ந்தனர்.

இந்நிலை தானாக மாறிற்றா? யாரோ கருணை கொண்டு மாற்றினரா? இல்லை. தெற்கே கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களிலும், இங்கே செங்கோட்டையிலும், திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுப் பேராயக் கட்சி தாய்த்தமிழகத்தோடு இணைப்புக் கேட்டுப் போராடியது. 1954 ஆகத்து 11ஆம் நாள் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிகள் வெடித்தன. தமிழர் பலர் மாண்டனர். அப்போது அங்கே ஆண்டவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த இராம் மனோகர் லோகியாவே அவ்வமைச்சரவை விலக வேண்டும் என்று கூறினார் என்றால், நடந்த கொடுமையின் அளவை நீங்களே எண்ணிப் பாருங்கள். வடநாட்டவர் ஒருவருக்குச் சுட்டது, இங்கே சென்னையில் கோலோச்சிய பலருக்குச் சுடவில்லை!

குண்டடிபட்டோரின் குரலைத் தில்லிக்கு எடுத்துச் சென்றவர் இருவர். மக்களவையில் நாகர்கோவில் உறுப்பினராக இருந்தவர் நேசமணி. மேலவையில், அதாவது மாநிலங்களவையில், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்று அமர்ந்தவர் அப்துல் ரசாக்கு. நேசமணியின் பெயரைக் குமரி மாவட்டத்துச் சிறுவரும் அறிவர். ரசாக்கின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவோம்? நானே இளமையில் அறிந்திலேன், நாணத்தோடு சொல்லுகின்றேன்.

மேலவை உறுப்பினரை மக்கள் நேரே தேர்வதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்கின்றனர். மலையாளரே பெரும்பான்மையான ஒரு சட்டமன்றத்தில், சிறுபான்மையாய் இருந்த தமிழ் உறுப்பினர்களின் வலிமையால் ஒரு தமிழர் தில்லி மேலவை வரை சென்றார் என்பது சிறு செய்தியன்று. அவ்விருவரும் பேசியது ஐந்தாறு வட்டங்களின் சிக்கல்தானே, நாட்டளவில் அதற்கென்ன பெருமை என்று அன்று நகைத்தோர் உண்டு. ஓர் ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைவிடப் பெரிய நாட்டுச் சிக்கல் வேறு எது?

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையைத் தந்தது. அதில் தெற்கு வட்டங்கள் நான்கும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு என்று எழுதப்பட்டது. நன்று. ஆனால் தேவிகுளமும் பீர்மேடும்? 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் 72 விழுக்காடு. ஒரு வட்டாரத்தில் 70 விழுக்காட்டினர் ஒரு மொழி பேசினால் அதை ஒருமொழிப் பகுதியாகக் கொள்ளலாம் என்பது அவ்வாணையமே வகுத்த அளவுகோல். தான் வகுத்த அளவுகோலைத் தானே ஒடித்துப் போட்டது! தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வந்து போகும் கூலிகளாம். மலையின் வளமும் மின்னாற்றலும் திருவிதாங்கூருக்கு இன்றியமையாதனவாம். மலையைத் திருத்தித் தேயிலை நட்டவன் வந்தேறி. அம்மலையின் வருவாயை எண்ணியவன் உரியவன். இக்கணக்கை எந்தப் பள்ளியில் கற்றனரோ, நானறியேன்.

1955 திசம்பரில் நாடாளுமன்றத்தில் இவ்வறிக்கை மீது சொற்போர் நிகழ்ந்தது. பேசினர், வாதிட்டனர், ஆயினும் தோற்றனர். சென்னையில் ஆட்சியிலிருந்தோர் அவர்கள் பின்னே உறுதியாய் நிற்கவில்லை என்பது நம் இயக்கத்தின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதை நான் இன்றும் கைவிடுவதாயில்லை. செங்கோட்டை வட்டத்திலும் ஆரியங்காவுப் பக்கத்து மலைக்காடு அங்கேயே நின்று விட்டது. காடு போனது சிறிது என்று நினைக்காதீர்கள். முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டு வட்டத்தில் இருக்கின்றது. 1886இல் திருவிதாங்கூர் மன்னரோடு செய்த குத்தகை உடன்படிக்கை. 1895இல் முடிந்த அணை. மதுரை, தேனி, இராமநாதபுரச் சீமைகளின் உயிர்நீர். பீர்மேடு இங்கே வந்திருந்தால், நீர்மட்டம் 142 அடி என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை நாம் படியேறிக் காத்துக் கிடந்திருப்போமா?

இதோ உங்கள் மேக்கரையில் அடவிநயினார் அணை. இந்த அணை நிற்கும் இடமும் இதற்கு மேலுள்ள மலைச்சரிவும் 1956இல் அப்பக்கமே நின்றிருந்தால் உங்கள் வயலுக்கு நீர் கேட்க எந்த ஊர் வாயிலில் நின்றிருப்பீர்கள்? கம்பத்து உழவரைக் கேளுங்கள்; சொல்வார்கள்.

அடுத்து, அறிஞர் அண்ணா. 1962இல் காஞ்சியில் தோற்ற அவரை அவர் கட்சியினர் மேலவைக்கு அனுப்பினர். அவ்வாண்டே அவர் அங்கே எழுந்து, தாம் திராவிட இனத்தவர் என்றும், தம் மக்கள் தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யும் உரிமை வேண்டுவதாகவும் கூறினார். அவை திகைத்தது. அடுத்த ஆண்டே பதினாறாம் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்கவே இயலாதவாறு கதவடைத்தனர். அண்ணா அக்கோரிக்கையைக் கைவிட்டார். அது பிழை என்பது என் கருத்து. காலமறிந்து செய்த செயல் என்பார் நம்முள்ளும் உளர். அவ்வழக்கை இன்று தீர்க்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்து உயிர் நீத்தார். அவர் கேட்டவற்றுள் முதன்மையானது தமிழ்நாடு என்னும் பெயர். அப்பெயருக்கான சட்ட முன்வரைவை மேலவையில் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? தமிழரல்லர், வங்காளத்துப் பொதுவுடைமையர் பூபேசு குப்தர்! 1963இல் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். பெயர் மாற்றத்தால் என்ன ஆதாயம் என்று கேட்டோரிடம், நாடாளுமன்றத்துக்கு லோக் சபா என்றும் குடியரசுத் தலைவருக்கு இராட்டிரபதி என்றும் பெயரிட்டு நீங்கள் பெற்ற ஆதாயம் என்ன என்று திருப்பிக் கேட்டார். பரிபாடலையும் பதிற்றுப்பத்தையும் சிலம்பையும் அங்கே சான்றாக வைத்தார். முன்வரைவு தோற்றது. தோற்றால் என்ன? 1967 சூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 1969 சனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இருபதாம் நாள் அண்ணா மறைந்தார். ஆங்கில எழுத்தில் அப்பெயரின் ழகரம் தொலைந்தது வேறு செய்தி. உங்கள் ஊர்ப்பெயரில் எஞ்சிய ழகரம் நாட்டின் பெயரில் எஞ்சவில்லை.

ஈழத்திலும் ஒன்று நடந்தது. இலங்கையில் மூதவை இருந்த காலம். அதன் உறுப்பினராயும் அமைச்சராயும் இருந்த திருச்செல்வம், திருக்கோணமலைக் கோணேசுவரக் கோயில் சூழலைப் புனித இடமாக அறிவிக்க முயன்றார். தலைமையமைச்சர் குறுக்கே நின்றார். 1968இல் திருச்செல்வம் அமைச்சுப் பொறுப்பை உதறி எறிந்தார். ஒரு கோயில் சூழலுக்காக அமைச்சுப் பொறுப்பை விட்டவர் அவர். அம்மூதவையையே 1971இல் ஒழித்து விட்டனர்.

இன்று நம் நிலை என்ன? மேலவையில் தமிழகத்துக்கு 18 இடம். உத்தரப் பிரதேசத்துக்கு 31. அமெரிக்க ஒன்றிய நாட்டின் மூதவையில் சிறு மாநிலத்துக்கும் பெரு மாநிலத்துக்கும் இரண்டிரண்டு இடமே. இங்கே மேலவையிலும் தலையெண்ணிக்கைதான். மக்களவையில் 41ஆக இருந்த நம் இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆயின. மக்கட்பெருக்கைக் கட்டுப்படுத்தியோருக்குக் கிடைத்த பரிசு! 1976 முதல் கட்டி வைத்திருந்த அக்கணக்கின் முடிச்சு 2026க்குப் பின் எடுக்கப்படும் மக்கள் கணக்கோடு அவிழ இருக்கின்றது.

பேசும் மொழியோ? சிங்கப்பூரின் நாடாளுமன்றத்தில் தமிழ், அரசியல் சட்டப்படியே நான்கு மொழிகளுள் ஒன்று. எட்டுக் கோடித் தமிழர் வரி செலுத்தும் இந்நாட்டிலோ, அரசியல் சட்டத்தின் 120ஆம் உறுப்பு இந்தியும் ஆங்கிலமும் அவைமொழி என்கின்றது. அவற்றில் போதுமாகப் பேச இயலாதவர் மட்டும் அவைத்தலைவர் இசைவோடு தாய்மொழியில் பேசலாமாம். அறியாமையை ஒப்புக்கொண்டால்தான் தாய்மொழி! 2018 முதல் மேலவையில் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் உள்ளனர். ஏற்பாடு இருக்கின்றது. முன்னரே எழுதிக் கொடுத்துத் தமிழில் எழுந்து பேசுவோர்தாம் சிலராக இருக்கின்றனர். இதற்கும் தில்லியைக் குறை கூறலாமா? கூற மாட்டேன்.

எனவே ஒரு வேலை சொல்லிச் செல்கின்றேன். உங்கள் வீட்டுப் பரண்களில் திருவிதாங்கூர் முத்திரையிட்ட பழைய நில ஆவணங்களும் வரிச்சீட்டுகளும் கிடக்கும். கறையானுக்கு விடாதீர்கள், படியெடுத்துத் தொகுத்து வையுங்கள். 1956 வரை இவ்வூர் எங்கிருந்தது என்பதற்கு அவையே சான்று. நம் பதினெண்மருக்கும் ஒரு மடல் எழுதுங்கள்: எல்லை மலைகளின் நீரைப் பற்றியும் இடக்கணக்கைப் பற்றியும் தமிழிலேயே பேசுமாறு கேட்டு. 2020இல் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் ஒலிக்கேற்ப எழுத ஆணையிட்டுச் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றனரே, அதன் பின்னே பைம்பொழிலின் பெயர் என்ன ஆயிற்று என்று சென்னையையும் கேளுங்கள். மடலின் படியை எனக்கும் அனுப்புங்கள். விடை வந்தால் இவ்விதழில் அச்சிடுவோம், வராவிட்டால் அதையும் அச்சிடுவோம்.