மின்புத்தகக் கருவி வாங்கலாமா?

(தருமபுரி வட்டாரத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மின்புத்தகம் படிப்பதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட கருவியை, அதாவது கிண்டில் முதலியவற்றை, வாங்கலாமா வேண்டாமா என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். "நாம் பகுத்தறிவுக்காரர்கள், புதியது எதுவானாலும் வாங்கிவிட வேண்டியதுதானே?" என்கிறார் ஒருவர். "காகிதத்தின் வாசனை போய்விடுமே!" என்கிறார் மற்றொருவர். புதியது என்பதற்காகவே ஒன்றை ஏற்பதும், பழகியது என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவதும் இரண்டுமே யோசனையற்ற காரியங்கள்தான். ஓலையின் வாசனையை விடமாட்டோம் என்று எல்லோரும் இருந்திருந்தால் இன்று நம் கையில் ஒரு பத்திரிகையாவது இருக்குமா? ஆகவே லாபமென்ன, நஷ்டமென்ன, யாருக்கு என்று கணக்குப் பார்ப்போம்.

கருவியின் குணம்

செல்போன் திரை விளக்கைப்போல் நம் கண்ணிலேயே வெளிச்சத்தை அடிக்கின்றது. இக்கருவியின் திரையோ காகிதத்தைப்போல் வெளியிலுள்ள வெளிச்சத்தைக் கொண்டே தெரிவது. அதற்குள் மயிர் பருமனுள்ள குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. குமிழிக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் உண்டு. மின்சாரம் பட்டால் ஒன்று மேலே வரும். மற்றது கீழே போகும். அதுவே எழுத்தாகத் தெரிகின்றது. பக்கம் திருப்பும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். ஆனபடியால் ஒரு தரம் சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்து வரப்பில், நடு வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது பெரிய உபகாரம். அன்றியும் படிக்கும்போது நடுவில் சினிமாவும் ஊர்வம்பும் வந்து நம்மைக் கூப்பிடாது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது.

தமிழுக்கு என்ன?

அமேசான் கம்பெனி இக்கருவியை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது 2007-ல். தன் கடையில் தமிழ்ப் புத்தகங்களுக்கு இடம் கொடுத்தது 2016-ல். ஆனால் நம்மவர்கள் அவ்வளவு காலம் சும்மா இருந்துவிடவில்லை. 1998 பொங்கலிலேயே மதுரைத் திட்டம் என்ற பெயரால், ஊர் ஊராக, நாடு நாடாக இருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இனாமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தோழர்கள் இக்காலத்துப் புத்தகங்களை, எழுதியவர்களின் சம்மதத்தின் பேரில், இலவசமாக வெளியிடுகின்றார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றது. அங்கே பல நூல்கள் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை. அவை சிறிய திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். வாங்குவோர் இதையும் கவனிக்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

நிற்க, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேளாமலே, அமேசான் அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமையில்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள். புத்தகக் கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் நுழைந்து, அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? பின்னும் 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய புத்தகத்தின் நகலை நம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது. ஆகவே அங்கே நாம் வாங்குவது புத்தகமல்ல. படிப்பதற்கு ஓர் அனுமதிதான்.

"நீ இதைப் படிக்கக்கூடாது" என்று பிறப்பைக் காட்டி நம் பாட்டன்மாரைத் தடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. அது மனிதனை இழிவுபடுத்தியது, இது வியாபாரம். ஆனாலும் சாவி யார் கையில் என்று கேட்கும் உரிமையைப் பெரும்பாடுபட்டுப் பெற்ற ஜனங்கள், அதை மறந்துவிடலாகாது.

நம் ஜில்லாவின் கணக்கு

2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு விட்ட ஒரு கிண்டிலின் விலை 16,999 ரூபாய். நூறு ரூபாய்ப் புத்தகம் சுமார் 170 வாங்கலாம். 2011 ஜனக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்றது இத்தருமபுரி. நூற்றுக்கு 69 பேர்கூட இல்லை. இங்கே ஒரு காகிதப் புத்தகம் பென்னாகரத்தில் வாங்கப்பட்டால், பத்துக் கை மாறி அரூரில் போய் நிற்கும். கருவியோ வாங்கினவர் பையிலேயே இருக்கும். அப்பன் பையிலுள்ளதை மகள் எடுத்துப் படிப்பாளா? அலமாரியில் கிடக்கும் புத்தகத்தை அவள் யாரையும் கேளாமல் எடுப்பாள். அன்றியும் 1948-ஆம் வருஷச் சட்டத்தின்படி ஏற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கொடுக்கின்றோம். கொடுத்த வரிக்கு எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கின்றீர்கள்?

ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான். மாதம் இரண்டு மூன்று புத்தகமாவது படிக்கின்றவர், கண் மங்கியவர், பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் அலைகின்றவர், கையில் மிச்சமும் இருந்தால் வாங்கட்டும். வாங்கினால் பூட்டில்லாத புத்தகங்களையே பெரும்பாலும் ஏற்றி, நகலொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். கருவி வந்தால் படிப்பு வந்துவிடும் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம். முதலில் இனாமாகக் கிடைக்கும் மூன்று புத்தகங்களை உள்ள செல்போனிலேயே படித்து முடியுங்கள். முடித்தால் பிறகு யோசியுங்கள். பூஜையன்று புத்தகத்துக்குப் பொட்டிட்டுப் படிக்காமல் அடுக்கி வைப்பதைக் கேலி செய்கின்ற நாம், பதினேழாயிரம் ரூபாய்க் கருவியைப் பீரோவில் பூட்டி வைத்தால் அது மட்டும் பகுத்தறிவாகுமா?

இன்னொன்று: பத்துப் பேர் சேர்ந்து ஊர்ப் படிப்பகத்துக்கென்று ஒன்று வாங்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றியிருந்து கேட்கட்டும். கேட்டவர்களில் ஒருவராவது "அந்த எழுத்தை எனக்குக் காட்டு" என்று கேட்டால் கொடுத்த பணம் வசூலாகிவிட்டது.

நாம் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் வருமானத்தையும் உங்கள் புத்தியையும் கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.